ஈற்றில் ஓர் எழுத்து

சேதராப்பட்டில், செருப்பு ஏற்றுமதிக் கம்பெனியில்
இத்தாலிக் கடிதங்கள் என் மேஜைக்கு வரும்.
புதுச்சேரிப் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள் என்பதால்
"ரெண்டும் ஒண்ணுதானே" என்றார் முதலாளி.
ஒன்றல்ல.
அதைக் கண்டுபிடிக்க
ஓர் அட்டைப்பெட்டி தொலைய வேண்டியிருந்தது.

'நே அப்பியாமோ ரிச்செவூத்தி உந்திச்சி.'
அவற்றில் பதினொன்று வந்து சேர்ந்தன.
எவற்றில்?
அனுப்பியது பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபது ஜோடி.
வந்தது பதினோரு ஜோடியா, பதினோரு பெட்டியா?
முதலாளிக்கு ஏசி அறையில் வியர்த்தது.
நானோ அந்தச் சொல்லின் கடைசி 'தி'யைத்
தட்டச்சுப் பிழை என்று தாண்டிப் போயிருந்தேன்.
பிரெஞ்சில் 'ஆன்' முன்னால் நின்றால்
முடிந்த வினை நிமிர்ந்தே பார்க்காது,
தின்றது மூன்றோ முப்பதோ, ஆணோ பெண்ணோ.
இத்தாலியில் 'நே' வந்தால்
வினை கழுத்தைத் திருப்பும்,
எதைச் சொல்கிறாய் என்று கேட்கும்,
அதன் பாலையும் எண்ணையும் வாலில் முடிந்துகொள்ளும்.
மளிகைச் சாமான் இல்லை, இலக்கணம்.

பெட்டி அங்கே ஆண்.
ஜோடி ஒருமையில் ஆண், பன்மையில் பெண்.
அதை யாரிடம் போய்க் கேட்பது?
'தி' என்றால் பெட்டிகள். தொலைந்தது ஒன்றே ஒன்று.
முதலாளி எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்.

மார்ச்சில் அவர்களுடைய தணிக்கைப் படிவம் வந்தது.
பதினேழாம் கேள்வி:
தொழிலாளர்களில் எத்தனை பேரை இந்த ஆண்டு நீக்கினீர்கள்?
"ஒம்பது பேரை நிறுத்தினோம். அவ்வளவுதான், போடு."

பேர்.
நல்ல சொல். வேட்டியா புடவையா என்று பார்க்காத சொல்.
நிறுத்தினோம்.
அந்த 'ஓம்' நாங்கள்.
தமிழ் வினை செய்தவரைத்தான் தூக்கிச் சுமக்கும்.
செய்யப்பட்டவர்
வாக்கியத்தின் கேட்டுக்கு வெளியே நிற்பார்,
கையில் டிபன் டப்பா, ஊசுட்டேரிப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு.

அஞ்சலாட்சி.
ரெஜினா மேரி.
கரசூர் தையல்நாயகி.
இரண்டு சுகந்தி, இனிஷியல் வைத்துக் கூப்பிடுவோம்.
மும்தாஜ், வள்ளிக்கண்ணு, பாக்கியவதி,
சேர்ந்து பதினெட்டே நாளான ஒருத்தி,
பெயர் நான் கேட்டு வைத்திருக்கவில்லை.
பசை அறைக்குக் காற்றாடி வேண்டும் என்று
எல்லாரும்தான் முணுமுணுத்தார்கள்.
கையெழுத்துப் போட்டது ஒன்பது.

'நே அப்பியாமோ லிச்சென்சியாத்' வரை அடித்துவிட்டேன்.
தொழிலாளர் என்று பொதுவாக நினைத்தால் 'தி'.
ஆண்பாலுக்குள் எல்லாரும் அடக்கம்,
பிழையில்லை, பரீட்சையில் முழு மதிப்பெண்.
அவர்களை நினைத்தால் 'தே'.
கூட ஓர் ஆண் இருந்தால்கூட 'தே' செல்லாது.
மனசுக்குள் தையல் வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தேன்.
ஓர் ஆண் இல்லை.

தமிழில் 'தே' எழுதினால்
கொம்பு முன்னால் வந்து நிற்கும்,
சத்தம் பின்னால்தான் வரும்.
அங்கே அப்படியில்லை. எல்லாம் கடைசியில்,
ஒரு விரல், ஒரு சாவி.

"முடிஞ்சுதா?" தோளுக்குப் பின்னால் முதலாளி.
"ஒரு எழுத்து பாக்கி, சார்."
"ஒரு எழுத்துக்கு இவ்வளவு நேரமா?"
அவர் கண் ஒன்பதைத் தேடியது,
ஒன்பது சரியாக இருந்தது,
போய்விட்டார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. இரண்டே சொல்.
'தூத்தே தோன்னே?'
கேள்விக்குறி மட்டும் பெரிதாகத் தெரிந்தது எனக்கு.
"என்னவாம்?" என்றார்.
தமிழில் சொன்னேன்.
இந்த முறை
'பேர்' போடவில்லை.